“சுளுக்குதான்” என்று அனுப்பப்பட்ட பாதம்: வழக்கு நிற்குமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் மழைத் தண்ணீரில் பைக் சறுக்கி, வலது பாதம் வண்டிக்கு அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு முறியவில்லை, சுளுக்குதான்” என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். வீக்கம் வடியாததால் பன்னிரண்டாம் நாள் மறுபடி போனீர்கள். மாத்திரையை மட்டும் மாற்றினார்கள். ஏழாவது வாரம் கோயம்புத்தூரில் ஓர் எலும்பு மருத்துவர் உங்களை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார், சி.டி. ஸ்கேனும் பார்த்தார், லிஸ்ஃப்ராங்க் காயம் என்று சொல்லி அறுவை செய்தார். எட்டு மாதம் ஆகியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் மேல் வழக்குப் போட முடியுமா, எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி.

வழக்குப் போட முடியும். அது நிற்குமா என்பது நீங்கள் விவரமாக எழுதியிருக்கும் முதல் நாளைவிட, ஒரே வரியில் கடந்துபோன அந்தப் பன்னிரண்டாம் நாளைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை: நான் இருபது வருடத்துக்கு மேலாக நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், மருத்துவர் அல்ல. காயத்தைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் இத்தகைய வழக்குகளுக்காக எலும்பு மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டது. உங்கள் ஃபிலிமையும் சீட்டையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்ஃப்ராங்க் என்பது நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர். குதிரையிலிருந்து விழும்போது அங்கவடியில் பாதம் மாட்டி முறுக்கிக்கொள்ளும் காயம் என்று மருத்துவர்கள் இதற்கு உதாரணம் சொல்வார்கள். நம் ஊரில் குதிரையின் இடத்தில் பைக். பாதத்தின் நடுவில் சிறு எலும்புகள் ஒரு வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது விரலுக்குப் போகும் நீண்ட எலும்பின் அடிப்பகுதி, கல் வளைவின் உச்சிக்கல்லைப் போல அந்த வளைவைப் பூட்டிவைத்திருக்கிறது. அதை உள்பக்கத்துச் சிறு எலும்போடு பிணைக்கும் தசைநார் அறுந்துபோனால், எலும்பு எதுவும் உடையாமலேகூட வளைவு தளர்ந்துவிடும். படுத்தபடி எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தத்தம் இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும். காலை ஊன்றி உடம்பின் கனம் இறங்கும்போதுதான் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்கிறார்கள். இந்தக் காயங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தப்பிவிடுவதாக எலும்பு மருத்துவ நூல்களே சொல்கின்றன.

இந்தக் கடைசி வாக்கியம்தான் உங்கள் வழக்கின் முதல் இடைஞ்சல். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே நூலை எடுத்துவந்து, “எல்லா ஊரிலும் தப்பக்கூடியது, எங்கள் மருத்துவரிடமும் தப்பியது” என்பார். சட்டமும் அவருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், 1957-ஆம் ஆண்டின் போலம் என்ற ஆங்கிலேயத் தீர்ப்பின் அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள இன்னொரு மருத்துவர் அந்தச் சூழ்நிலையில் அதையே செய்திருப்பார் என்றால், முடிவு தவறாகிப்போனதற்காக மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது. நோயைத் தவறாகக் கணிப்பது வேறு, அலட்சியம் வேறு. வலியோடு இருப்பவரிடம் இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் என் அறைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் முதல் நாளில் எதைத் தேடுவது? உள்ளங்காலில், நடுப்பகுதியில் ரத்தக்கட்டு நீலம் பாய்ந்திருந்ததா? இந்தக் காயத்துக்கு அது முக்கியமான அடையாளம் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்று உங்களால் நாலு எட்டு வைக்க முடிந்ததா? உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்களா, நடுப்பாதத்தை அழுத்திப் பார்த்தார்களா, அது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? அந்த நேரத்தில் வீட்டில் யாராவது காலைப் போட்டோ எடுத்திருந்தால், அதை எடிட் செய்யாமல், தேதியோடு இருக்கும் மூலப்படமாகவே பத்திரப்படுத்துங்கள். முதல் நாள் எக்ஸ்ரேயை உங்கள் கோயம்புத்தூர் மருத்துவரிடம் காட்டி, “இதிலேயே தெரிகிறதா?” என்று கேளுங்கள். உச்சிக்கல்லுக்குப் பக்கத்தில் சிறு எலும்புச் சில்லு ஒன்று அன்றே தெரிந்திருந்தால் நிலைமை தலைகீழ். அதைப் பார்க்கத் தவறியதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

அப்படி எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடுமையான வலியில் இருப்பவரை அன்றே நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்க முடியாமல் போகலாம், அது குற்றமில்லை. அதனால்தான் கவனமான மருத்துவர்கள், வலியும் வீக்கமும் குறையவில்லை என்றால் ஒரு வாரம் பத்து நாளில் வரச்சொல்லி மறுபடி படம் எடுக்கிறார்கள். நீங்கள் பன்னிரண்டாம் நாள் போய் நின்றீர்கள். சாதாரணச் சுளுக்கு என்றால் அதற்குள் தேறத் தொடங்கியிருக்க வேண்டும். தேறவில்லை என்று நோயாளியே வந்து சொன்ன பிறகு, மறு எக்ஸ்ரே இல்லை, எலும்பு நிபுணரிடம் அனுப்பவும் இல்லை, மாத்திரை மட்டும் மாறியது என்பதை “சாதாரணத் திறமையுள்ள எவரும் அதையே செய்வார்” என்று சொல்லி நிறுத்துவது எளிதல்ல. என் அனுபவத்தில் இத்தகைய வழக்குகள் வென்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது வருகையில்தான். பரோட்டா மாஸ்டர் ஒருவருக்காக நான் நடத்திய வழக்கில், முதல் நாள் பற்றி நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் நுகர்வோர் ஆணையம் தள்ளிவிட்டது. மூன்றாவது வாரச் சீட்டில் “வலி நீடிக்கிறது” என்று மருத்துவரே கைப்பட எழுதியிருந்த ஒரு வரிதான் அவருக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தது.

எனவே அந்தப் பன்னிரண்டாம் நாள் சீட்டு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அன்று மருந்துக்கடையில் வாங்கிய பில், ஜி-பே செய்த பதிவு, டோக்கன் குறுஞ்செய்தி, எதுவானாலும் சரி, நீங்கள் அங்கே போனதைக் காட்டும் ஒன்று வேண்டும். அதோடு முதல் சீட்டின் கடைசி வரியையும் படியுங்கள். “வலி குறையாவிட்டால் ஒரு வாரத்தில் வரவும்” என்று இருந்து, நீங்களும் போயிருந்தால் அது உங்களுக்குப் பலம். பன்னிரண்டாம் நாள் சீட்டில் “எலும்பு மருத்துவரைப் பார்க்கவும்” என்று எழுதியிருந்து நீங்கள் போகவில்லை என்றால், அது அவர்களுக்குப் பலம்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். நடுவில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டீர்களா? சுளுக்கு எடுக்கிறவரிடமோ, புத்தூர் கட்டு போடவோ போனீர்களா? நம் வீடுகளில் பெரியவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். தளர்ந்த மூட்டை அழுத்தி உருவியதால்தான் விலகியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். குறுக்கு விசாரணையில் அது திடீரென்று வெளிவந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகள் மேலும் சந்தேகம் விழும். “சுளுக்கு என்று மருத்துவரே சொன்னதால்தான் சுளுக்கு வைத்தியம் பார்த்தேன்” என்று மனுவிலேயே நேராகச் சொல்லிவிடுவது மேல்.

அலட்சியம் நிரூபணமானாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். மீதிப் பாதியில்தான் பலர் தோற்கிறார்கள். ஏழு வாரத் தாமதத்தால் என்ன கெட்டது? பாதம் முறுக்கியது மழையாலும் பைக்காலும். அதற்கு மருத்துவமனை பொறுப்பல்ல. முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தாலும் அறுவை தேவைப்பட்டிருக்கும், அதன் பிறகும் மூட்டுத் தேய்மானம் வரலாம் என்று அவர்கள் வாதிடுவார்கள். மருத்துவரீதியாக அது பொய்யும் இல்லை. நீங்கள் கேட்க முடிவது, முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் இருந்திருக்கும் நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை. மூட்டு விலகாத நிலையில் கண்டுபிடித்திருந்தால் காலை ஊன்றாமல் மாவுக்கட்டோடு ஆறேழு வாரம் இருந்து தேறியிருக்கலாமா? ஸ்க்ரூ, பிளேட் வைத்து மூட்டைக் காப்பாற்றியிருக்கலாமா? ஊன்றி நடந்து நடந்து குருத்தெலும்பு தேய்ந்ததால், மூட்டையே ஒட்டவைத்து அசையாமல் செய்யும் அறுவை தேவைப்பட்டதா? உங்களுக்கு நடந்தது எந்த அறுவை என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கின் மதிப்பு ஏறக்குறைய அதில்தான் அடங்கியிருக்கிறது. அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி, மூட்டின் நிலைமையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இதை யாரோ ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த கிஷன் ராவ் வழக்கின் தீர்ப்பில், எல்லா மருத்துவ அலட்சிய வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி நிபுணரே இல்லாமல் இறங்காதீர்கள். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்த வழக்குக்கு அது பொருந்தும். எக்ஸ்ரேயில் 2 மில்லிமீட்டர் இடைவெளியைப் பற்றிப் பேசும் வழக்கில் ஆணைய உறுப்பினர்களுக்கு ஒரு மருத்துவரின் விளக்கம் தேவை. சக மருத்துவருக்கு எதிராக எழுதிக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். “அவர் செய்தது தப்பு என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் கதவு சாத்தப்படும். “முதல் இரண்டு வாரத்தில் தெரிந்திருந்தால் என்ன சிகிச்சை, இப்போது என்ன சிகிச்சை, இனி என்ன ஆகும்” என்று கேளுங்கள். யாரையும் குறை சொல்லாமல் எழுதக்கூடிய சான்று அது, உங்களுக்குத் தேவையானதும் அதுவே. அதுவும் முடியாவிட்டால், ஆவணங்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் குழுவுக்கு அனுப்பிக் கருத்துப் பெறும்படி ஆணையத்திடமே மனுச் செய்யலாம்.

எங்கே போவது என்பதில் குழப்பம் வேண்டாம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கிலிருந்து கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. காப்பீடு பணம் கட்டியிருந்தாலும் அது இலவசச் சேவை ஆகாது. எல்லாருக்கும் முழு இலவசமான அரசு மருத்துவமனைதான் இதற்கு வெளியே நிற்கிறது, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருத்துவமனைகள் உள்ளே வரும் என்று 2007-ல் கிஷோர் லால் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிக்காது, மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. மருத்துவமனையை முதல் எதிர்த்தரப்பாகவும் மருத்துவரை இரண்டாவதாகவும் சேருங்கள். தன்னிடம் வேலை பார்க்கும் மருத்துவரின் செயலுக்கு மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும் என்பது 2004-ன் சவிதா கார்க் தீர்ப்பு. உங்களைப் பார்த்தவர் யார், என்ன படித்தவர் என்பதையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் சரிபாருங்கள். அலோபதி படிக்காத ஒருவர் இரவுப் பணியில் அலோபதி வைத்தியம் பார்த்திருந்தால் அதுவே அலட்சியம் என்று 1996-ல் பூனம் வர்மா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது.

கால வரம்பு இரண்டு வருடம். அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. உள்ளே மறைந்திருந்த தவறு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் வலியோடு வருடக்கணக்கில் சும்மா இருந்தவருக்கு அது உதவவில்லை. அந்த வாதத்துக்குள் போகவே வேண்டாம். முதல் எக்ஸ்ரே எடுத்த தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று காலண்டரில் குறித்துவையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு தொகையைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. சொல்லக்கூடியது, எதையெல்லாம் கேட்கலாம் என்பது: தாமதத்தால் கூடுதலான சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், இனி தேவைப்படும் அறுவை, பட்ட வலி, நிரந்தர ஊனம். கடைசியில் சொன்னதில் கவனம் தேவை. மருத்துவக் குழு கால் ஊனத்தைச் சதவீதமாகத்தான் எழுதும். 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல உதாரணம் சொன்னது: இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ சம்பாத்தியமே போய்விடலாம், எழுத்தருக்கு அப்படியாகாது. நாள் முழுக்க நின்றே செய்யும் அயர்ன் வேலைக்கு நடுப்பாதம் என்பது தச்சருக்குக் கை மாதிரி. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவந்த நீங்கள் இப்போது எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எந்த வேலைக்கு மாற்றப்பட்டீர்கள் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். பீஸ் ரேட்டில் சம்பளச் சீட்டு கிடைக்காது. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் காட்டும் பதிவுகளை எடுத்தால் வருமானத்துக்கு ஆதாரமாகும், வங்கிப் பாஸ்புக்கும் உதவும்.

இ.எஸ்.ஐ. என்றதும் முக்கியமான ஒன்று. நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தை, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புபட்டிருந்தால், வேலைக் காயமாகவே கருதும் பிரிவு 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்க்கப்பட்டது. யாருடைய அலட்சியத்தையும் நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லாத வழி அது. வேலைக்குப் போகாத காலத்துக்கான தொகையும், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் தொகையும் உண்டு. கம்பெனி விபத்து அறிக்கை கொடுத்ததா என்று நாளைக்கே கேளுங்கள். மருத்துவமனை மீதான வழக்கையே நினைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாலும் மருத்துவ வழக்கு அந்த வேகத்தில் முடியாது. வருடங்கள் ஆகும், மேல்முறையீடும் உண்டு. பல மருத்துவர்கள் தொழில் காப்பீடு எடுத்திருப்பார்கள், அந்தக் கம்பெனி வழக்குக்குள் வந்த பிறகு சமரசப் பேச்சு தொடங்குவது சகஜம். நியாயமான தொகை என்றால் ஏற்பதில் தவறில்லை. ஆனால் ஆணையத்தின் சமரச மையத்தின் வழியாக எழுத்தில் செய்யுங்கள். மருத்துவமனை அறையில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதோ, மூல ஃபிலிமைத் திருப்பிக் கொடுப்பதோ வேண்டாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவதும் வேண்டாம். மருத்துவமனைகளுக்கு எதிரான வன்முறையைத் தண்டிக்க 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது, வாதியாக இருக்கவேண்டிய நீங்கள் குற்றவாளியாகிவிடுவீர்கள். போலீஸ் புகாரும் இந்தக் காயத்துக்குச் சரியான வழியாக எனக்குப் படவில்லை. மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே பணம் கிடைக்காது, ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே.

“ஜெயித்தால் பாதி” என்று பேசும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். வெற்றித்தொகையில் பங்கு வாங்குவது எங்கள் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. தொழிற்சாலைத் தொழிலாளர் என்ற முறையில் உங்களுக்கு இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கம்பெனி அடையாள அட்டையோடு போய் விண்ணப்பியுங்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே முதல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் பெயர், இரண்டு வருகையின் தேதிகள், ஓ.பி. எண் போட்டு, எக்ஸ்ரே படம், அதன் அறிக்கை, இரண்டு நாள் குறிப்புகள், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் அதுவே பிறகு உங்களுக்குப் பயன்படும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தையும் கடித நகலோடு சேர்த்து வையுங்கள். அவர்கள் அனுப்பும் குறிப்பில் அந்தப் பன்னிரண்டாம் நாள் பதிவாகியிருக்கிறதா, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதன்பிறகு இதைவிடத் தெளிவாகப் பேசலாம்.